எஸ்.பி. ரோட்டு ரீஃபர்பிஷ்ட் லேப்டாப்: அலுவலகத்துக்கு வாங்கலாம், வீட்டுக்கு யோசித்து வாங்க வேண்டும்

பெங்களூரில் கம்ப்யூட்டர் சாமான் என்று பேச்செடுத்தால் யார் வாயிலும் முதலில் வருவது எஸ்.பி. ரோடு என்று சுருக்கி அழைக்கப்படும் சாதர் பத்ரப்பா ரோடுதான். டவுன் ஹாலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், நகரத்பேட்டையை ஒட்டி இருக்கும் அந்தக் குறுகலான கடைத்தெருவில் ரெசிஸ்டர், ரிலே போன்ற சில்லறைச் சாமான்களிலிருந்து சர்வர் வரைக்கும் கிடைக்கும். இந்த மதிப்பீடு அங்கே விற்கும் ஒரே ஒரு சரக்கைப் பற்றியது. பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்துவிட்ட பிஸினஸ் லேப்டாப்புகளைத் துடைத்து, சரிபார்த்து, ரீஃபர்பிஷ்ட் என்ற பெயரில் மறுபடி விற்கிறார்களே, அவைதான் அந்தச் சரக்கு. அல்சூரில் நான் நடத்தும் சிறிய வரிக்கணக்கு அலுவலகத்தில் இப்போது எல்லா மேசைகளிலும் இவைதான் இருக்கின்றன. வீட்டுக்கும் ஒன்று வாங்கினேன். ஆனால் அதே வீட்டில் கல்லூரிக்குப் போகும் மகளுக்குப் புதிதுதான் வாங்கிக் கொடுத்தேன். ஒரே கை இரண்டு விதமாக முடிவெடுத்ததற்கான காரணங்களைச் சொன்னால், இதே யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு லேப்டாப் நின்றுபோவதால் வரும் நஷ்டம் எவ்வளவு என்பதைத் தேதியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மாதத் தொடக்கத்தில் நின்றால், இரண்டு நாள் வேலை தள்ளிப்போகும், அவ்வளவுதான். மாதாந்திரம் தாக்கல் செய்யும் வாடிக்கையாளர்களுக்கு 11ஆம் தேதி விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி என்று ஜிஎஸ்டி படிவங்களுக்குக் கெடு இருப்பதால், 19ஆம் தேதி மாலையில் ஒரு இயந்திரம் படுத்துக்கொண்டால் கணக்கே வேறு. தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய்தான் என்று ஒருவர் சொல்லக்கூடும். ஆனால் கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி ஓடத் தொடங்கிவிடும், அதைவிட முக்கியமாக, பத்து வருடமாக நம்மை நம்பிக் கணக்கை ஒப்படைத்திருக்கும் கடைக்காரரிடம் “எங்க கம்ப்யூட்டர் ரிப்பேர்” என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சொல்லை ஒரு முறை சொல்லலாம், இரண்டாம் முறை சொல்ல முடியாது. எனவே நாங்கள் தொழில்நுட்பச் சாமான் வாங்கும்போது ‘இது எத்தனை வருடம் பழுதாகாமல் ஓடும்’ என்பதோடு, ‘பழுதானால் எத்தனை மணி நேரத்தில் மறுபடி வேலை நடக்கும்’ என்பதையும் கேட்டாக வேண்டும். விளம்பரங்களும் கடைக்காரர்களும் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்வார்கள். இரண்டாவது கேள்விக்கான பதிலை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

அந்த இரண்டாவது கேள்வியை வைத்துப் பார்த்தால் விலைக்கணக்கு தலைகீழாகிறது. பிஸினஸ் வகைப் புது லேப்டாப்பை எங்கள் தேவைக்கு ஏற்ற ரேமுடன் விசாரித்தபோது ஒன்றுக்கு ரூ. 70,000-க்கு மேல் சொன்னார்கள். நான்கு மேசைக்கு ஏறக்குறைய மூன்று லட்சம். எஸ்.பி. ரோட்டில் 8ஆம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர் உள்ள திங்க்பேட் டி480, டெல் லேட்டிட்யூட் போன்றவை, டேட்டாவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி டிஸ்க்கைப் புதிதாகப் போட்டு, தேவைப்பட்ட இடத்தில் புதுப் பேட்டரியும் மாற்றிய பிறகு, ஒன்றுக்கு ரூ. 30,000-ஐத் தாண்டவில்லை. அதாவது நான்கு பேருக்கு ஐந்து லேப்டாப் வாங்கியும் பாதிச் செலவில் முடிந்தது. ஐந்தாவது யாருக்கும் சொந்தமில்லை. டேலி என்ற கணக்கு மென்பொருள், பிரவுசர், பிரிண்டர் டிரைவர், டிஜிட்டல் கையொப்பம் போட யுஎஸ்பியில் செருகும் டோக்கனுக்கான மென்பொருள் எல்லாம் ஏற்றி, காரில் ஸ்டெப்னி கிடப்பதைப்போல அலமாரியில் தயாராக இருக்கிறது. வாரம் ஒரு முறை திறந்து, அப்டேட்டுகளை முடித்து, சார்ஜ் ஏற்றி மூடி வைக்கிறோம். ஒரே ஒரு விலையுயர்ந்த புது இயந்திரத்தைவிட, சுமாரான விலையில் இரண்டு இயந்திரங்கள் இருப்பது அலுவலகத்துக்கு அதிக நம்பகம் தருகிறது என்பதே நான் இதில் கண்டது. எவ்வளவு நல்ல லேப்டாப்பாக இருந்தாலும், அது சர்வீஸ் சென்டரில் இருக்கும் மூன்று நாளும் நமக்கு இல்லாத லேப்டாப்தான்.

இந்தப் பழைய இயந்திரங்கள் ஏன் தாக்குப்பிடிக்கின்றன என்பதற்குக் காரணம் உண்டு. 1992-இல் ஐபிஎம் தொடங்கி, 2005-இல் லெனோவோ கைக்குப் போன திங்க்பேட் வரிசையும், டெல்லின் லேட்டிட்யூட், எச்பியின் எலீட்புக் வரிசைகளும் கடையில் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கும் சாமானாகச் செய்யப்பட்டவை அல்ல. ஆயிரக்கணக்கில் மொத்தமாக வாங்கி, சொந்த ஐ.டி. பிரிவை வைத்துப் பழுது பார்க்கும் நிறுவனங்களுக்காகச் செய்யப்பட்டவை. எனவே பின்மூடியைத் திறப்பது சுலபம், ரேமையும் டிஸ்க்கையும் மாற்றலாம், எந்தத் திருகு எங்கே என்று படத்தோடு விளக்கும் பராமரிப்புக் கையேட்டைத் தயாரித்த நிறுவனமே இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. ஒரே மாடல் ஏராளமாகப் புழங்குவதால் உதிரிபாகமும் தாராளமாகக் கிடைக்கிறது. இந்த ஊரில் இருக்கும் ஐ.டி. நிறுவனங்களின் எண்ணிக்கையை நினைத்தால், அவற்றின் கழிவுச் சரக்கு இந்தத் தெருவில் வந்து குவிவதில் வியப்பில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது என்றே சொல்வேன்.

ஆனால் அந்தக் குவியலில் எதை எடுத்தாலும் சரி என்று நினைக்கக் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது பிராசஸரின் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. தனிநபர்களுக்குத் தரப்பட்ட பாதுகாப்பு நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 முறையாக ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு வேண்டும், இன்டெல்லில் மிகச் சில விதிவிலக்குகளைத் தவிர 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். 6ஆம், 7ஆம் தலைமுறை லேப்டாப்புகள் ரூ. 12,000, ரூ. 14,000 என்று கண்ணைப் பறிக்கும் விலையில் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதற்கு இதுவே காரணம். அவற்றிலும் விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றிக் காட்டுவார்கள், ஓடவும் செய்யும். ஆனால் ஆதரவுப் பட்டியலில் இல்லாத இயந்திரத்துக்கு அப்டேட்டுகள் வந்துகொண்டே இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் எந்த உறுதியும் தருவதில்லை. பிறருடைய பான் எண்ணும் வங்கிக் கணக்கும் சம்பள விவரமும் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு அது கூடாது. மாடல் பெயரைக் கேட்டு நம்பாமல், பிராசஸர் எண்ணைத் திரையில் பார்க்க வேண்டும். ஐ5-8250யு என்றிருந்தால் 8ஆம் தலைமுறை, ஐ5-7300யு என்றிருந்தால் 7ஆம் தலைமுறை. இந்த இரண்டு தலைமுறைகளையும் பிரித்தறிய, கோடுக்குப் பின்னால் வரும் முதல் இலக்கத்தைப் பார்த்தாலே போதும்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது பூட்டு. இதைத்தான் வாங்குபவர்களில் பலர் பார்ப்பதில்லை, பின்னால் அதிகம் வதைபடுவதும் இதனால்தான். நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்பை ஆட்டோபைலட் என்ற முறையில் மைக்ரோசாஃப்டிடம் பதிந்து வைத்திருக்கும். கழிக்கும்போது அந்தப் பதிவை நீக்கிவிட வேண்டும். சில சமயம் நீக்காமல் விட்டுவிடுகிறார்கள். டிஸ்க்கை மாற்றி, விண்டோஸைப் புதிதாக ஏற்றி, இணைய இணைப்பு கொடுக்காமல் செட்டப்பை முடித்துவிட்டால் கடை மேசையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். என்றைக்காவது ரீசெட் செய்து இணையத்தோடு தொடங்கினால், ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி, அங்குள்ள ஊழியரின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கேட்கும்.

நான் போன இரண்டாவது கடையில் இதை நேரிலேயே பார்த்தேன். வேலை பார்க்கும் பையனுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம்; நான் கன்னடத்தில் தொடங்க, அவன் என் உச்சரிப்பைக் கேட்டுத் தமிழுக்கு மாறிவிட்டான். “தம்பி, இதை என் கண் முன்னால ரீசெட் பண்ணி, என் போன் ஹாட்ஸ்பாட்ல நெட் குடுத்து முழுசா செட்டப் பண்ணிக் காட்டு” என்றேன். “அக்கா, அதுக்கு அரை மணி நேரம் ஆகும்” என்றான். “ஆகட்டும், உட்கார்ந்திருக்கேன்” என்றேன். ஒதுக்கி வைத்த ஐந்தில் நான்கு ஒழுங்காக முடிந்தன. ஐந்தாவதில் மொழி, விசைப்பலகைத் தேர்வு எல்லாம் தாண்டி வைஃபை இணைந்ததும் திரை ஒரு கணம் வெளிறி, நடுவில் ஒரு நிறுவனத்தின் சின்னமும் அதன் கீழே மின்னஞ்சல் கேட்கும் கட்டமும் வந்து நின்றன. பையன் மறுபேச்சுப் பேசாமல் அதை மூடிக் கீழே வைத்துவிட்டு, “இது லாக் மிஷின்க்கா, சப்ளையருக்கே திருப்பி அனுப்பிடறோம், வேற தர்றேன்” என்று உள்ளேயிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்தான். அந்த நேர்மைக்காகவே மற்ற நான்கையும் அங்கேயே வாங்கினேன். இதைப்போலவே எஃப்1, எஃப்2 என்று அந்தந்தத் தயாரிப்புக்குரிய விசையை அழுத்தி லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போக முடிகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். அங்கே கடவுச்சொல் கேட்டால் அந்த இயந்திரம் வேண்டாம். உடைத்துத் தருகிறோம் என்று சொன்னாலும் வேண்டாம்.

பேட்டரியை வாய்ப்பேச்சில் தீர்மானிக்கக் கூடாது. “மூணு மணி நேரம் பேக்கப் வரும்” என்று எல்லாக் கடையிலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். விண்டோஸின் கமாண்ட் திரையில் பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதி இருக்கிறது. பேட்டரி செய்யப்பட்டபோது இருந்த கொள்ளளவும், இப்போது முழுதாக ஏற்றினால் நிற்கும் கொள்ளளவும் அதில் அருகருகே வரும். இரண்டாவது எண் முதல் எண்ணில் எழுபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பேட்டரியை மாற்றித் தரச் சொல்வேன், அல்லது அந்த விலையைக் குறைக்கச் சொல்வேன். டி480-இல் உள்ளே 24 வாட்-அவர் பேட்டரி ஒன்றும், வெளியே கழற்றி மாட்டும் பேட்டரி ஒன்றுமாக இரண்டு உண்டு. வெளிப் பேட்டரியில் 24, 48, 72 வாட்-அவர் என்று வகைகள் இருப்பதால், கடையில் மாட்டியிருப்பது எது என்று அதன் மேல் ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். லேப்டாப்பை அணைக்காமலேயே வெளிப் பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிவது, மின்வெட்டு நேரத்தில் எங்களுக்குப் பெரிய உதவி.

திரையிலும் ஏமாற இடமுண்டு. அதே டி480 மாடல் 1366-க்கு 768 என்ற பழைய அளவுத் திரையோடும் வந்தது, 1920-க்கு 1080 அளவுத் திரையோடும் வந்தது. எக்செல் தாளில் நாள் முழுக்கக் கண்ணை வைத்திருப்பவர்களுக்கு முதலாவது மிகவும் சிரமம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், விலையும் ஒன்றாகத்தான் சொல்வார்கள். கீல், டச்பேட், ஒவ்வொரு யுஎஸ்பி துளை, கேமரா, ஸ்பீக்கர் ஆகியவற்றையும் தொட்டுப் பார்த்துவிட வேண்டும். அந்த ஆண்டுகளின் திங்க்பேட்களில் டைப்-சி துளை செயலிழக்கக் காரணமான கோளாறு ஒன்று, தண்டர்போல்ட் இணைப்பை இயக்கும் உள்மென்பொருளில் (ஃபர்ம்வேர்) இருந்தது. அதற்கான திருத்தத்தை லெனோவோவே வெளியிட்டிருக்கிறது. வாங்கிய கையோடு அதை ஏற்றிவிடுவது நல்லது, ஏனெனில் டைப்-சி வழியாகத்தான் சார்ஜும் ஏறுகிறது.

விண்டோஸ் உரிமம் பற்றி ஒரு வார்த்தை. பிஸினஸ் லேப்டாப் பெரும்பாலும் விண்டோஸ் ப்ரோ உரிமத்தோடு விற்கப்பட்டது, அந்த உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில் டிஜிட்டல் உரிமத்தால் இயக்கப்பட்டது என்று இருந்தால் சரி. ஏதோ நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவையால் இயக்கப்பட்டது என்று இருந்தால், கடைக்காரர் திருட்டு வழியில் ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அத்தகைய கருவிகளோடு வைரஸும் வருவதுண்டு. எனவே விலையைப் பொருட்படுத்தாமல், சுத்தமாக மறுபடி நிறுவித் தரச் சொல்ல வேண்டும்.

வாரண்டி விஷயத்தில் இந்தத் தெருவுக்கு என்னால் முழு மதிப்பெண் தர முடியாது. கடைக்குக் கடை ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று சொல்கிறார்கள். எதற்கு வாரண்டி, எதற்கு இல்லை என்பது பில்லில் எழுதப்படுவதில்லை. நான் முதலில் போன கடையில், பெயர் சொல்ல விரும்பவில்லை, ஆறு மாத வாரண்டி என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அதன் பேட்டரி உப்பிக்கொண்டு டச்பேடைத் தூக்கத் தொடங்கியது. எடுத்துப் போனபோது “பேட்டரி, சார்ஜர், ஸ்கிரீன் மூணும் வாரண்டில வராது” என்றார்கள். அந்த மூன்றும் போக வேறு என்ன மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உப்பிய லித்தியம் பேட்டரி பாதுகாப்புப் பிரச்சினை என்று எடுத்துச் சொல்லியும் பணம் கொடுத்துத்தான் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டாவது கடையில் முதலிலேயே எல்லாவற்றையும் பில்லின் பின்பக்கம் கையால் எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டேன். முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காமல் இருப்பதே சரி. வாரண்டியின் பேரில் தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம், ஆனால் அங்கே புகார் கொடுக்கவும் கையில் பில் வேண்டும்.

பில்லைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்கே அழகில்லை. புது லேப்டாப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்படும், பதிவு பெற்ற தொழில் செய்பவர் அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். பழைய சாமான் வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி விதிகளில் 32(5) என்ற தனி ஏற்பாடு உண்டு. வாங்கியபோது வரி வரவு எடுக்காதவர்கள், விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டலாம். அப்படி விற்கும் கடையின் பில்லில் வரி தனியாகக் காட்டப்படாததால் நமக்கு வரவு கிடைக்காது. எனவே ரூ. 22,000 என்று ஒரு கடையும், வரி உட்பட ரூ. 24,500 என்று இன்னொரு கடையும் சொன்னால், ஜிஎஸ்டி பதிவு உள்ளவருக்கு இரண்டாவதுதான் மலிவு. வரியைக் கழித்தால் அது ரூ. 20,800-க்குள் வந்துவிடும். வீட்டுக்கு வாங்குபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, முதலாவதே மலிவு. வருமான வரியில் கம்ப்யூட்டருக்கு 40 சதவீதத் தேய்மானம் பழையதற்கும் உண்டு, அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதி. பில் இல்லாமல் இரண்டாயிரம் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் அலுவலகத்துக்கு வாங்குபவர் இந்த இரண்டையும் இழக்கிறார். வாரண்டி கேட்கும் உரிமையும் கூடவே போகிறது.

பழையது எதுவரை, புதியது எங்கே என்ற எல்லையில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். டேட்டா உட்காரும் இடம் புதியதாகத்தான் இருக்க வேண்டும். லேப்டாப்போடு வந்த எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துவிட்டு, ஐந்து வருட வாரண்டி உள்ள புதியதை நாங்களே போட்டோம். எஸ்எஸ்டிக்கு எழுதும் அளவில் ஓர் ஆயுள் உண்டு. எடுத்துக்காட்டாக, குரூசியல் எம்எக்ஸ்500 வகையின் 500 ஜிபி டிஸ்க்குக்கு 180 டெராபைட் என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருக்கிறார். பழைய டிஸ்க்கில் அதில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைக் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம் என்றாலும், இன்னொருவருடைய கணக்குப் புத்தகத்தை அதில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. டேலி டேட்டா தினமும் மாலையில் வெளி டிஸ்க் ஒன்றுக்கும், சங்கேதப்படுத்தப்பட்டு கிளவுடுக்கும் போகிறது. இது இருப்பதால்தான் எந்த லேப்டாப் படுத்தாலும் அலமாரியில் உள்ளதை எடுத்து வைத்து வேலையைத் தொடர முடிகிறது. பேக்கப் இல்லாத அலுவலகத்துக்குப் புது லேப்டாப்பும் நம்பகமானது அல்ல.

யுபிஎஸ் செலவும் இதில் குறைந்துவிட்டது. முன்பு டெஸ்க்டாப்புகள் இருந்தபோது மேசைக்கு ஒரு 600 விஏ யுபிஎஸ் வைத்து, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை அதன் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியை மாற்றிக்கொண்டிருந்தோம். லேப்டாப்பில் பேட்டரி உள்ளேயே இருப்பதால், இப்போது ஃபைபர் இணைப்புப் பெட்டிக்கும் வைஃபை ரவுட்டருக்கும் மட்டும் யுபிஎஸ் போதும். ஏப்ரல், மே மாத மழையில் மரக்கிளை விழுந்து பெஸ்காம் கரண்ட் போகும் நாட்களில், அலுவலகம் இருட்டாக இருந்தாலும் ரிட்டர்ன் போய்க்கொண்டிருக்கும். லேசர் பிரிண்டரை மட்டும் யுபிஎஸ்ஸில் மாட்டக் கூடாது. உள்ளே சூடாக்கும் உருளை இழுக்கும் மின்சாரத்தைச் சின்ன யுபிஎஸ் தாங்காது.

இந்த ஏற்பாடு உண்மையில் சோதிக்கப்பட்டது ஒரு 20ஆம் தேதியில். உதவியாளர் ஒருவரின் கை தட்டி, காபி கீபோர்டில் கொட்டிவிட்டது. இயந்திரத்தை உடனே அணைத்து, பேட்டரியைக் கழற்றி, தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். அலமாரி லேப்டாப்பை எடுத்து, பேக்கப்பிலிருந்து டேட்டாவை மீட்டு, கையொப்ப டோக்கனைச் செருகி அவர் மறுபடி வேலை தொடங்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த டோக்கன்கள் பழைய அகலமான யுஎஸ்பி துளையில்தான் செருகும். மெலிந்த புது லேப்டாப்புகள் சிலவற்றில் அந்தத் துளையே இல்லாததால் தனியாக ஒரு இணைப்பான் வாங்கி, அது எப்போது தகராறு செய்யும் என்று பயந்துகொண்டிருக்க வேண்டும். நனைந்த லேப்டாப் மறுநாள் காலை எஸ்.பி. ரோட்டுக்குப் போனது. திங்க்பேடின் இந்த மாடலில் முழு உடலையும் பிரிக்காமல் சில திருகுகளைக் கழற்றினாலே கீபோர்டு தனியாக வெளியே வந்துவிடும் என்பதால், அதே பையன் நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வேறொரு கீபோர்டை மாட்டிக் கொடுத்தான். சாதாரண வீட்டுப் பயன்பாட்டு லேப்டாப்புகள் பலவற்றில் கீபோர்டை மேல்மூடியோடு பிளாஸ்டிக்கை உருக்கி இறுக்கியிருப்பார்கள். ஒரு விசை போனாலும் முழு மூடியையும் மாற்றச் சொல்வார்கள். வாங்கும்போது யாரும் விசாரிக்காத இந்த வித்தியாசம்தான் மூன்றாம் வருடத்தில் செலவைத் தீர்மானிக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். கேமரா 720பி தரம்தான். வாடிக்கையாளரோடு வீடியோவில் பேசும்போது முகம் மங்கித் தெரிகிறது. ஃபேன் சத்தம் புது இயந்திரங்களைவிட அதிகம். தூசியைத் துடைத்து, வெப்பப் பசையைப் புதிதாகத் தடவினால் குறைகிறது, ஆனால் நிற்பதில்லை. வீடியோ எடிட்டிங், பெரிய வரைபட வேலை, புதிய விளையாட்டுகள் ஆகியவற்றுக்கு இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். எங்கள் வேலை டேலி, எக்செல், பிரவுசர் ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. அதற்கு 16 ஜிபி ரேம் போட்ட எட்டாம் தலைமுறை இயந்திரம் எந்த இடத்திலும் தடுமாறவில்லை. ரேமைப் பின்னால் கூட்டிக்கொள்ள நினைப்பவர்கள் டி480-க்கு அடுத்து வந்த டி490-இல் ஒரு பகுதி ரேம் போர்டிலேயே சூடுவைத்து ஒட்டப்பட்டிருக்கிறது என்பதையும், மாற்றுவதற்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லா விதத்திலும் புதிய மாடலே நல்லது என்று சொல்ல முடியாததற்கு இது ஓர் உதாரணம்.

வீட்டுக்கு வரும்போது கேள்விகளே மாறிவிடுகின்றன. அப்பா மேசையில் வைத்தே பயன்படுத்துகிறார். செய்தி, வங்கி, ஊரில் இருக்கும் அத்தையோடு வீடியோ பேச்சு, அவ்வளவுதான். அவருக்கு ரீஃபர்பிஷ்ட் லேட்டிட்யூட் ஒன்றை வாங்கி, பேட்டரி எப்போதும் நூறில் நிற்காமல் எண்பது சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி பயாஸிலேயே அமைத்துக் கொடுத்தேன். நாள் முழுக்க மின்சாரத்தில் மாட்டியிருக்கும் லித்தியம் பேட்டரி உப்பாமல் இருக்க இந்த ஒரு அமைப்பு பெரிதும் உதவும். அவர் பயன்படுத்தும் இயந்திரம் ஒரு நாள் நின்றால் போனில் பார்த்துக்கொள்வார். நஷ்டம் எதுவும் இல்லை.

மகளின் நிலை அப்படியல்ல. தினமும் பையில் போட்டு பிஎம்டிசி பஸ்ஸிலும் மெட்ரோவிலும் தூக்கிப் போகிறாள். டி480-இன் எடை ஏறத்தாழ 1.6 கிலோ, அதோடு பெரிய பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்தால் இன்னும் கூடும். வகுப்பறையில் பிளக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. நான்கு வருடப் படிப்பு முழுவதும் ஒரே இயந்திரம் ஓட வேண்டும், இப்போதே ஏழெட்டு வயதான ஒன்றை அவளிடம் கொடுத்தால் கடைசி வருட ப்ராஜெக்ட் நேரத்தில் அது எந்த நிலையில் இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முக்கியமாக, எனக்கு அலுவலகத்தில் இருக்கும் அலமாரி லேப்டாப்பும் எஸ்.பி. ரோட்டுத் தொடர்பும் அவளுக்குக் கல்லூரியில் இருக்கும்போது கிடைக்காது. எனவே அவளுக்கு எடை குறைந்த, முழு நாள் சார்ஜ் நிற்கும் புது லேப்டாப் ஒன்றை, தயாரிப்பாளரிடமே மூன்று வருடமாக நீட்டிக்கப்பட்ட வாரண்டியோடும், கீழே விழுந்தாலும் தண்ணீர் பட்டாலும் சரிசெய்து தரும் கூடுதல் பாதுகாப்போடும் வாங்கினேன். அலுவலகத்தில் உபரி இயந்திரத்துக்குக் கொடுத்த பணத்தை இங்கே வாரண்டிக்குக் கொடுத்தேன் என்று சொல்லலாம். மாணவர்களுக்குப் பழையது வாங்கிக் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பட்ஜெட் ரூ. 30,000-க்குள் என்றால், அந்த விலையில் வரும் சொற்ப ரேமும் மெதுவான பிராசஸரும் உள்ள புது லேப்டாப்பைவிட, நன்றாகப் பார்த்து எடுத்த பழைய பிஸினஸ் லேப்டாப் பல மடங்கு மேல்.

போக நினைப்பவர்களுக்கு: அல்சூர், இந்திரா நகர் பக்கத்திலிருந்து வருபவர்கள் ஊதா வழித்தட மெட்ரோவில் மெஜஸ்டிக் வந்து, பச்சை வழித்தடத்துக்கு மாறி சிக்பேட்டை அல்லது கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கி நடக்கலாம். காரை எடுத்துப் போனால் நிறுத்த இடம் தேடியே காலை கழிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை பிற்பகல் கூட்டத்தில் ரீசெட் செய்து காட்டச் சொன்னால் யாருக்கும் பொறுமை இருக்காது, வார நாளில் கடை திறந்து சற்று நேரத்தில் போய்விட வேண்டும். ஹாட்ஸ்பாட் போட டேட்டா உள்ள போன், துளைகளைச் சோதிக்க ஒரு பென் டிரைவ், கையொப்ப டோக்கன் பயன்படுத்துபவர்கள் அந்த டோக்கன், ஜிஎஸ்டி எண் எழுதிய விசிட்டிங் கார்டு ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோகவும். முன்பணம் கொடுக்கச் சொன்னால், ரீசெட் முடிந்து டெஸ்க்டாப் திரை வந்த பிறகு தருகிறேன் என்று சொல்லுங்கள்; நல்ல கடைக்காரர் அதற்கு ஒப்புக்கொள்வார்.